முட்டைக்கோஸ் பீப்பாய்

சம்பள நாளில் படகுப் பட்டறையின் பின்சுவருக்கு வெளியே பெண்கள் வரிசை கட்டி நிற்பார்கள். உள்ளே பணம் கைக்கு வந்த மறு நிமிடம் ஆண்கள் அதைத் துணியில் சுற்றிச் சுவருக்கு மேலாக வீசுவார்கள். அவரவர் மனைவி அதைப் பிடித்துக்கொண்டு சந்தைக்கு ஓட வேண்டும். கேட் திறக்கட்டும், புருஷன் வெளியே வரட்டும், சேர்ந்தே போகலாம் என்று நின்றால், காலையில் ஒரு முழுக் கோழிக்குப் போதுமாக இருந்த தினார் சாயங்காலம் அதன் கழுத்துக்கும் காணாது.

நெவென்கா அன்று தலைக்கு மேல் பறந்து வந்த மூட்டையை எம்பிப் பிடித்தாள். பிடித்த கையை இன்னொரு கை பிடித்தது. வெல்டரின் மனைவி. தன் வீட்டுக்காரர் வீசியது அது என்று கத்தினாள். நெவென்காவின் கணவன் திஹோமிர் எப்போதும் தன் பழைய நீலச் சட்டையைக் கிழித்துத்தான் பணம் சுற்றுவான். மூட்டை நீலமாகத்தான் இருந்தது. அதை விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. நெவென்கா முழங்கையை மடக்கி அவள் மூக்கில் ஒன்று வைத்தாள். மூக்கு உடைந்த சத்தம் இரண்டு பேருக்குமே கேட்டது. போன குளிர்காலத்தில் இதே வெல்டர் மனைவியின் பிரசவத்துக்குப் பக்கத்தில் இருந்து வெந்நீர் போட்டுக் கொடுத்தவள் இவள்தான். திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

சந்தைத் தெருவில் மார்க் விற்பவன் ரொட்டிக் கடை வாசலில் நின்றிருந்தான். ஜெர்மன் மார்க் மட்டும்தான் அந்த ஊரில் ராத்திரி தூங்கிக் காலையில் அதே விலையில் எழுந்திருக்கும் பணம். அவள் தெருவைக் கடக்கும்போது ஒரு விலை சொன்னான்; கோடிகளை அவன் கையில் எண்ணிப் போட்டு முடித்தபோது வேறொரு விலை சொன்னான். நீ எண்ணினதுக்குள்ளே ஏறிப்போச்சு, நான் என்ன பண்ண என்று தோளைக் குலுக்கினான். நெவென்கா அவன் காதைப் பிடித்தாள். அவன் அறைந்தான். உதடு கிழிந்தது. அவள் காதை விடவில்லை; முறுக்கினாள். கடைசியில் ஒரு மார்க் நோட்டு அவள் உள்ளங்கைக்கு வந்தது. அவன் காது மடலின் ரத்தம் அவள் நகத்தில் இருந்தது.

இந்தச் சண்டை சோற்றுக்காக இல்லை. சோறு எப்படியோ நடந்தது. பெட்ரோலுக்காக.

அவர்களுடைய ஒரே மகன் தம்யானைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். டிரினா ஆற்றுக்கு அப்பால் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில், குண்டுச் சில்லு ஏறிய காலோடு அவன் கிடந்தான். அவனுடன் இருந்த பையன் ஒருவன் போன் பண்ணினான். போனுக்கு அப்போது பஞ்சமே இல்லை. பில்லை ஒரு மாதம் தள்ளிக் கட்டினால் அது ஒரு தீப்பெட்டி விலைக்கு வந்துவிடும், ஊரே ஆஸ்திரேலியா வரைக்கும் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தது. பையன் சொன்ன விஷயம் இதுதான். காலில் சீழ் ஏறுகிறது, மருந்து இல்லை, அடுத்த வாரம் ஞாயிறு வரை பார்ப்பார்கள், அப்புறம் தொடையோடு எடுத்துவிடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கால் பிழைக்கலாம். ஆம்புலன்ஸ் நிற்கிறது, ஊற்ற எரிபொருள் கிடையாது. நீங்களே வந்து தூக்கிக்கொண்டு போனால் உண்டு.

வீட்டு வாசலில் அவர்களுடைய பழைய ஜஸ்தவா கார் இருந்தது. போய்த் திரும்ப அறுபது லிட்டர் வேண்டும். பெட்ரோல் பங்குகளில் புல் முளைத்திருந்தது. உலகம் முழுக்கச் சேர்ந்து நாட்டுக்குத் தடை போட்ட பிறகு, பெட்ரோல் என்பது நெடுஞ்சாலை ஓரத்தில் குளிர்பான பாட்டில்களில் விற்கிற சரக்கு. அந்தப் பாட்டில்கள் எல்லாமே கடைசியில் ஒரே ஆளுக்குப் போய்ச் சேரும். பெயர் விதோயே. இரண்டு வருடம் முன்னால் பஸ் நிலையத்தில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவன். தானாக வலியப் போய்ச் சண்டையில் சேர்ந்தான். திரும்பி வந்தபோது பெல்ட்டில் துப்பாக்கியும் அடியில் பச்சை ஜீப்பும் இருந்தன. அவன் விலைக்கு வாங்கினால் அறுபது லிட்டர் சேர்வதற்குள் தம்யானுக்கு இரண்டு காலுமே போய்விடும்.

அதனால் திஹோமிர் டான்யூப் ஆற்றங்கரை நாணலுக்குள் போனான். எதிர்க்கரை ருமேனியா. அங்கிருந்து மீன்பிடிப் படகில் ஒருவன் கேன்களோடு வருவான்; பாதி விலை. நெவென்கா தையல் மெஷினை விற்றாள், டிவியை விற்றாள், இருவர் மோதிரமும் போயிற்று. ஒவ்வொன்றும் நாணலுக்குள் போய்ப் பெட்ரோலாகத் திரும்பி வந்தது.

அதை எங்கே வைப்பது? ஊரில் பலரும் குளியல் தொட்டியில் வைத்தார்கள், கட்டிலுக்கு அடியில் வைத்தார்கள். விதோயேயின் ஆட்களுக்கு அதெல்லாம் தெரியும். நெவென்கா முட்டைக்கோஸ் பீப்பாயைத் தேர்ந்தெடுத்தாள். பால்கனியில் ஒரு பீப்பாய் முட்டைக்கோஸ் ஊறாத வீடு அந்த ஊரில் கிடையாது. உப்புத் தண்ணீரில் முழுக் கோஸை அமுக்கி, மேலே பலகை வைத்து, பலகை மேல் ஆற்றுக் கல்லை ஏற்றினால் மாசி வரைக்கும் வரும். அடியில் ஒரு குழாய் இருக்கும். அவ்வப்போது புளித்த தண்ணீரை அதன் வழியாக வடித்து மேலே ஊற்ற வேண்டும். நெவென்கா பீப்பாயைக் காலி செய்து கழுவிக் காயவைத்தாள். அடியில் பெட்ரோல். வாய்ப்பக்கம் கச்சிதமாகப் பொருந்துகிற அலுமினியத் தாம்பாளம், அதில் நாலு கோஸும் உப்புத் தண்ணீரும், மேலே பலகை, கல். மூடியைத் திறந்து பார்க்கிறவனுக்கு மூக்கைத் துளைக்கிற புளிப்பு நாற்றம்தான் கிடைக்கும்.

கடைசிக் கேனோடு நாணலிலிருந்து வந்த காலையில்தான் திஹோமிர் மாட்டினான்.

நெவென்கா அப்போது ரொட்டி வரிசையில் நின்றிருந்தாள். வரிசை கடையிலிருந்து தபால் ஆபீஸ் வரை நீண்டிருந்தது. பச்சை ஜீப் வந்து நின்றது. விதோயேயும் அவன் ஆட்கள் இரண்டு பேரும் திஹோமிரைச் சைக்கிளோடு இழுத்து வந்து, வரிசைக்கு எதிரே, எல்லாரும் பார்க்கும்படியாகத் தள்ளினார்கள். கேனைத் திறந்து சாக்கடையில் கொட்டினார்கள். வரிசையில் ஒரு பெருமூச்சு எழுந்தது, அது பெட்ரோலுக்காக. பிறகு ஒருவன் திஹோமிரின் வலது கையை நடைபாதைக் கல்லின் மேல் வைத்து மிதித்துக்கொண்டான். விதோயே ஜாக்கி கம்பியை எடுத்தான்.

"பட்டறையிலேயே பெரிய கை இதுதானே, மாஸ்டர்? எஞ்சின் எல்லாம் பேசுமாமே உங்ககிட்ட. இது என்ன சொல்லுதுன்னு கேட்டுச் சொல்லுங்க."

மூன்று முறை இறக்கினான். மூன்றாவது அடிக்குத் திஹோமிர் கத்துவதை நிறுத்தியிருந்தான்.

வரிசையில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். ஒருவரும் நகரவில்லை. நகர்ந்தால் இடம் போகும், இடம் போனால் ரொட்டி போகும். நெவென்கா ஓடியபோது பின்னால் நின்ற கிழவர் அவள் கோட்டைப் பிடித்து, போனா திரும்ப உள்ளே விடமாட்டோம் பொண்ணே என்று அக்கறையாகத்தான் சொன்னார். அவள் கோட்டு கிழிந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது ஜீப் கிளம்பிவிட்டது. கணவனின் கையைத் தன் தலைத்துணியில் பொதிந்து அவனைத் தூக்கி நிறுத்தினாள். வரிசை ஓர் அடி முன்னே நகர்ந்தது.

எலும்பு டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, கட்டுப் போட மாவு இல்லை என்றார். இரண்டு மரப் பட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி அனுப்பினார்.

அது புதன்கிழமை. பீப்பாயில் அறுபது லிட்டர் ஏற்கெனவே சேர்ந்திருந்தது. கொட்டப்பட்டது, வழியில் குறைந்தால் இருக்கட்டும் என்று கூடுதலாக வாங்கியது. அப்போதே கிளம்பலாம் என்றாள் நெவென்கா. கார் ஓட்டத் தனக்குத் தெரியாது, ஆனால் அவன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் தான் கியரை மாற்றுவதாகச் சொன்னாள். திஹோமிர் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். மறுநாள் வியாழன், புனித அலிம்பியே நாள். அவன் குடும்பத்தின் புனிதர். அந்த நாளில் வீட்டுத்தலைவன் வீட்டில் இருக்க வேண்டும். ரொட்டியை வெட்ட வேண்டும், மெழுகுவத்தி ஏற்ற வேண்டும், அது சாயங்காலம் வரை எரிய வேண்டும், அவன்தான் ஒயின் சொட்டால் அதை அணைக்க வேண்டும். யாரையும் அழைக்கக் கூடாது. வருகிறவன் யாராக இருந்தாலும் விரட்டக் கூடாது. அவனுடைய அப்பா ஜெர்மன்காரன் குண்டு போட்ட வருடத்திலும் இதை விட்டதில்லை.

"உன் பையன் கால் அழுகுது," என்றாள் நெவென்கா.

"அதனாலதான் விடக் கூடாதுங்கிறேன்," என்றான் திஹோமிர். "நாளைக்கு மத்தியானம் ரொட்டி வெட்டினதும் கிளம்பிடலாம். மெழுகுவத்தியை எதிர்வீட்டு மிலுன்கா பாத்துக்கட்டும். அரை நாள்தானே."

அவள் சண்டை போட்டாள். தட்டு ஒன்று உடைந்தது. ஆனால் வலியில் வியர்த்துக்கொண்டிருந்த மனிதனை இழுத்துக்கொண்டு போக முடியாது. அந்த அரை நாளை விட்டுக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலையில் மேஜை மேல் இருக்க வேண்டியது எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. நோன்புக் காலமானதால் எண்ணெய் போடாத பீன்ஸ், உள்ளங்கை அளவில் ஒரு மீன், வால்நட் தூவி இனிப்பாக வேகவைத்த கோதுமை, சின்ன ரொட்டி, நடுவில் உயரமான மெழுகுவத்தி. எதிர் வீட்டு மிலுன்கா வந்தாள். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சர். தன் முழு மாதப் பென்ஷனையும் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்திருந்தாள்: ஒரு முட்டை. நோன்பு நாளில் முட்டை ஆகாது என்று தெரியும், தம்யானுக்கு வழியில் அவித்துக் கொடு என்றாள்.

ரொட்டியை இடது கையால் வெட்டத் திஹோமிர் கத்தியை எடுத்தபோது கதவு தட்டப்பட்டது.

விதோயே தனியாக வந்திருந்தான். இந்த மாதிரி நாட்களில் அவன் ஆட்களைக் கூட்டி வருவதில்லை, தேவையும் இல்லை. எந்த வீடு தன்னைப் பார்த்து அதிகம் நடுங்குமோ அந்த வீட்டு நாளுக்குத்தான் போவான். வாசலில் நின்று தொப்பியைக் கழற்றி, உங்கள் நாள் நல்ல நாளாக இருக்கட்டும் என்று முறைப்படி சொன்னான். திஹோமிரின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் ஒதுங்கி வழிவிட்டான். நெவென்கா கோதுமைத் தட்டை நீட்டினாள். விதோயே சிலுவை போட்டு ஒரு ஸ்பூன் தின்றான், இன்னொரு ஸ்பூனும் தின்றான். ஒரு வீட்டுக் கோதுமையைத் தின்ற பிறகு அன்றைக்கு அந்த வீட்டார் அவன் மேல் கை வைக்க மாட்டார்கள், அவனும் வைக்கக் கூடாது. முதல் பாதி மட்டும் அவனுக்குப் போதும்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஜாக்கெட், கை, தாடி எல்லாம் பெட்ரோல் நாறியது. முந்தின ராத்திரி வேறொரு வீட்டில் குடித்த ரக்கியாச் சாராயம் இன்னும் கண்ணில் நின்றது.

"கை எப்படி இருக்கு, மாஸ்டர்?"

திஹோமிர் கத்தியை ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தான்.

"ருமேனியாக்காரன் படகை நேத்து கொளுத்திட்டோம். அதுக்கு முன்னாடி அவன் நிறைய பேசினான். ஒரு கேன் இல்லையாமே, ஒரு வாரமா வாங்குறீங்களாமே. பையனைக் கூட்டிவரவாம். நல்ல விஷயம்." மீனில் பாதியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். "வரும்போது உங்க காரைப் பார்த்தேன். நாலு டயரும் உக்காந்து கிடக்கு. குளிர் ஜாஸ்தியோ என்னவோ."

நெவென்கா ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். ஜஸ்தவா நாலு பக்கமும் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பச்சை ஜீப்.

சரக்கை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று சாயங்காலத்துக்குள் தானாகச் சொல்லிவிட்டால் இடது கை பிழைக்கும், நாளைக்கு நான் விருந்தாளி இல்லை, என்று அவன் மெல்லிய குரலில் விளக்கினான். மகனுக்கு ஒரு கால் போனால் என்ன, சண்டைக்குத் திரும்பக் கூப்பிட மாட்டார்கள், அதற்கு எனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றும் சொன்னான். மிலுன்கா எழுந்து போகப் பார்த்தாள். உட்காருங்க டீச்சர் என்றான், உட்கார்ந்தாள்.

பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

"மண்டை பிளக்குது. அண்ணி, ஒரு மக் கோஸ் தண்ணி குடுங்க."

குடித்த மறுநாளில் அந்த ஊர் ஆண்பிள்ளை கேட்பது அதுதான். பிச்சைக்காரன் வந்து கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். நெவென்கா பால்கனிக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"இன்னும் புளிக்கல, தம்பி. லேட்டாத்தான் போட்டோம்."

"என்னடி சொல்றே," என்றாள் மிலுன்கா, நிலைமையை எப்படியாவது சுமுகமாக்கிவிடுகிற அவசரத்தில். "போன வாரம் எனக்குக் குடுத்தியே, நல்லா சுரீர்னு இருந்துச்சே. குடுத்து அனுப்பிடு, தாயே."

போன வாரம் கொடுத்தது தாம்பாளத்திலிருந்து மொண்டது. பாவம், அவளுக்கு அது எப்படித் தெரியும்?

விதோயே நெவென்காவைப் பார்த்தான். அவனுக்குச் சந்தேகம் வரவில்லை; கோபம்தான் வந்தது. உப்புத் தண்ணீரைக்கூட எனக்குத் தரமாட்டாளா என்கிற கோபம். மேஜையிலிருந்த மக்கை எடுத்துக்கொண்டு, அவளைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுப் பால்கனிக் கதவைத் திறந்தான். நெவென்கா மேல்மூடியைத் திறந்து தருகிறேன் என்று பின்னாலேயே போனாள். அவன் குனிந்து அடிக்குழாயைத் திருகிவிட்டான்.

மக் நிறைந்தது. வேறு எவனாக இருந்தாலும் அந்த இடத்தில் மூக்கு காட்டிக்கொடுத்திருக்கும். விதோயே இரண்டு வருடமாகப் பெட்ரோலிலேயே தூங்கி எழுகிறவன். அவன் கையும் அதேதான் நாறியது, மக்கும் அதேதான் நாறியது. கோஸ் தண்ணீரைக் குடிக்கிற மாதிரியே தலையை அண்ணாந்து, கண்ணை மூடி, ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டான்.

பாதி வயிற்றுக்குப் போயிற்று. மீதி மூக்கு வழியாக வந்தது. அவன் தாடி, கழுத்து, சட்டை எல்லாம் நனைய இருமினான். இருமல் மூச்சை இழுக்க, இழுத்த மூச்சோடு அதுவும் நெஞ்சுக்குள் போயிற்று. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நுரை நுரையாக வாந்தி எடுத்தான். குழாய் திறந்தபடியே கொட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோல் வாசற்படியைத் தாண்டி அறைக்குள் மெல்ல ஓடி வந்தது, மேஜையைப் பார்த்து. மேஜை மேல் மெழுகுவத்தி.

"நெருப்பு," என்றாள் மிலுன்கா.

நெவென்கா ஓடி வந்து மெழுகுவத்தியை இரண்டு கையாலும் தூக்கித் தலைக்கு மேலே பிடித்தாள். திரும்பியபோது விதோயே பால்கனிக் கதவில் சாய்ந்து நின்றான். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. கையில் துப்பாக்கி.

"சுடு, தம்பி," என்றாள் அவள். "முதல்ல பத்திக்கிறது உன் தாடிதான்."

அவன் துப்பாக்கியைப் பார்த்தான். நனைந்த தன் மார்பைப் பார்த்தான். அவள் ஓர் அடி முன்னால் வைத்தாள். உருகிய மெழுகு அவள் மணிக்கட்டில் சொட்டிக்கொண்டிருந்தது, அவளுக்குச் சுடவில்லை.

"அணை..." தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. "அணைச்சிடு, அண்ணி."

"இன்னைக்கு இதை வீட்டுக்காரன்தான் அணைக்கணும். உனக்குத் தெரியாததா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு அவள் வயிற்றைப் பார்த்துப் பாய்ந்தான். துப்பாக்கியின் பிடி அவள் விலாவில் இறங்கியது. ஏதோ முறிந்தது. மெழுகுவத்தியை அவள் விடவில்லை. விழும்போதும் கையை உயரத்தில் வைத்துக்கொண்டே விழுந்தாள். மிலுன்கா, அதுவரை நாற்காலியோடு உறைந்து கிடந்தவள், எட்டி அதைப் பிடுங்கிக்கொண்டு வெளியே மாடிப்படிக்கு ஓடினாள், சுடரைத் தன் கையால் மூடியபடி.

விதோயே நெவென்காவின் கழுத்தில் முழங்காலை வைத்தான். அவளுக்குக் கண் இருட்டியது. அவன் வாயிலிருந்து வழிந்த பெட்ரோல் அவள் முகத்தில் விழுந்தது. அப்போது அவனுக்குப் பின்னால் திஹோமிர் தெரிந்தான். பீப்பாயின் மேலிருந்த ஆற்றுக் கல்லை இடது கையில் தூக்கியிருந்தான். வலது கையின் மரப்பட்டையை அதற்கு அண்டக் கொடுத்திருந்தான்.

கல் ஒரு முறைதான் இறங்கியது. பூசணிக்காய் தரையில் விழுகிற சத்தம். விதோயே பக்கவாட்டில் சரிந்தான். காதுக்கு மேலே தோல் விலகி ரத்தம் குபுகுபுவென்று வந்து தரையிலிருந்த பெட்ரோலில் கலக்காமல் தனியாக ஓடியது.

திஹோமிர் மறுபடியும் கல்லைத் தூக்கினான். அவன் முகம் அவளுக்கு அடையாளம் தெரியாத முகமாக இருந்தது.

"வேணாம்," என்றாள் நெவென்கா, மூச்சு வாங்கிக்கொண்டு. "நம்ம கோதுமையைத் தின்னிருக்கான்."

"அவன் என் கையை..."

"இங்க வேணாம் திஹோ. இன்னைக்கு வேணாம். குழாயை மூடு முதல்ல, தம்யான் போய்க்கிட்டிருக்கான் தரையில."

அந்தச் சொல்தான் அவனைத் திருப்பியது. கல்லைப் போட்டுவிட்டு ஓடிக் குழாயை மூடினான்.

நெவென்கா விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். விதோயேயை ஒருக்களித்துப் போட்டு, வாயில் விரலை விட்டு நுரையை வழித்தாள், மூச்சடைக்காமல் இருக்கட்டும் என்று. மனசுக்குள் அவனை வைதுகொண்டேதான் செய்தாள். பிறகு அதே கையால் அவன் ஜாக்கெட் பையைத் துழாவி ஜீப் சாவியை எடுத்தாள். துப்பாக்கியை பீன்ஸ் பாத்திரத்துக்குள் போட்டு மூடினாள்.

மிச்சமிருந்த பெட்ரோலைக் கேன்களில் பிடித்தார்கள். ஐந்தாறு லிட்டர் போயிருக்கலாம். ஜீப்பின் டாங்க் நிறைந்திருந்தது. பின்னால் இன்னும் இரண்டு கேன் இருந்தன. விதோயேயைக் கம்பளத்தில் சுற்றிக் கணவனும் மனைவியும் மூன்று கையால் மாடிப்படியில் இழுத்து இறக்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் அவன் தலை இடித்தது. ஒவ்வொரு தளத்திலும் கதவுகள் ஒரு விரற்கடை திறந்து மூடின. ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது மாடியில் யாரோ கதவிடுக்கு வழியாக அவன் மேல் துப்பினார்கள்.

மிலுன்கா படியிலேயே மெழுகுவத்தியோடு உட்கார்ந்திருந்தாள். அவன் ஆட்கள் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள் அக்கா என்று நெவென்கா கேட்டாள். கோஸ் தண்ணி கேட்டார், குடித்தார், உடம்புக்கு ஒத்துக்கலை, அவர் ஜீப்பிலேயே கூட்டிப் போனார்கள் என்று சொல்வேன், அதில் பொய் ஒன்றும் இல்லையே என்றாள் டீச்சர். தரையைச் சோடா போட்டுக் கழுவி, சாயங்காலம் வரை சுடரோடு தன் வீட்டில் உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னாள். அணைக்கத் தான் யார், அதுவாக எரிந்து தீரட்டும்.

டவுன் ஆஸ்பத்திரிப் படியில் கம்பளத்தோடு அவனை இறக்கி வைத்து, ஹாரனை நீளமாக அடித்துவிட்டுக் கிளம்பினார்கள். அவன் கண் திறந்திருந்தது. வாய் ஏதோ சொல்ல முயன்றது. கொல்லுவேன் என்று இருக்கலாம்.

இந்த ஊருக்கு இனித் திரும்ப முடியாது என்று இருவருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசவில்லை. திஹோமிர் இடது கையால் ஓட்டினான். அவன் க்ளட்சை மிதித்துத் தலையை அசைக்கும்போதெல்லாம் நெவென்கா கியரைத் தள்ளினாள். தள்ளும்போதெல்லாம் விலா எலும்பு குத்தியது. சாலைத் தடுப்புகளில் துப்பாக்கிக்காரர்கள் பச்சை ஜீப்பைத் தூரத்திலேயே பார்த்துக் கம்பத்தைத் தூக்கினார்கள். ஒருவன் சல்யூட்கூட அடித்தான். டிரினா பாலத்தில் ஒரு கேன் பெட்ரோலைக் கேட்டு வாங்கிக்கொண்டு விட்டார்கள்.

ஆஸ்பத்திரியைச் சேர்ந்தபோது வெள்ளிக்கிழமை காலை வெளிச்சம் வந்திருந்தது. தாழ்வாரத்திலேயே கட்டில்கள். உறை பனியிலும் அழுகல் நாற்றம் முகத்தில் அடித்தது. டாக்டர் கோட்டு மேல் வெள்ளை அங்கி போட்டிருந்தார், தாடி மழிக்கவில்லை. ஞாயிறு வரை காத்திருக்க முடியாது என்று நேற்றே எடுத்துவிட முடிவு செய்தோம் என்றார். நெவென்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்துட்டீங்களா?"

"கரண்ட் போயிடுச்சு. ஜெனரேட்டர்ல சொட்டு பெட்ரோல் இல்ல. இருட்டுல எப்படிம்மா வெட்டுறது?" அவர் குரலில் மன்னிப்புக் கேட்கிற தொனி இருந்தது.

தம்யான் பாதியாக இளைத்திருந்தான். துணியை விலக்கிக் காலைப் பார்த்தாள். முழுசாக, பாதம் வரை, கறுத்து வீங்கி, இருந்தது. திஹோமிர் ஜீப்பிலிருந்து ஒரு கேனை எடுத்துவந்து டாக்டரின் காலடியில் வைத்தான். வேறு எவனுக்காவது வெட்ட வேண்டியிருந்தால் இதை ஜெனரேட்டரில் ஊற்றிக்கொள்ளுங்கள், இவனை நாங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போகிறோம் என்றான். டாக்டர் கேனை முகர்ந்து பார்த்தார்.

"கோஸ் வாசனை அடிக்குதே," என்றார்.

பின் சீட்டில் மகனைக் கிடத்திப் போர்த்திய பிறகுதான் நெவென்காவுக்குத் தன் கோட்டுப் பையில் இருந்த ஜாடி ஞாபகம் வந்தது. கிளம்பும் அவசரத்தில் கோதுமையில் மிச்சமிருந்ததை வழித்துப் போட்டது. உறைந்து கட்டியாகியிருந்தது. ஜாடியை அக்குளில் வைத்துச் சூடாக்கி, ஸ்பூன் இல்லாததால் விரலால் எடுத்து ஊட்டினாள்.

"பெட்ரோல் நாறுது," என்றான் தம்யான், கண்ணைத் திறக்காமல்.

"தின்னு," என்றாள்.

அவன் தின்றான். திஹோமிர் க்ளட்சை மிதித்துத் தலையை அசைத்தான். நெவென்கா கோதுமை ஒட்டிய கையாலேயே கியரைத் தள்ளினாள்.